முதலில் ஹோலுக்கு நிலம் போடுவோம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் இருக்கும் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



காலபோக வெட்டு முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில்தான் எங்கள் வீடுகளில் "இந்த முறையாவது வீட்டை முடிச்சிடுவம்" என்ற பேச்சு எழும். அது நேரே ரைல்ஸ் கடையில் போய் நிற்கும். விலை கேட்டதும் கடன் கொடுப்பவரிடம் போகும், இல்லாவிட்டால் அடுத்த வருடத்துக்குப் போகும். இந்த முறை அந்தப் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஹோலுக்கு மட்டும், ஓர் அறை அளவுக்கு மட்டும், சீமெந்து நிலத்தை நாங்களே போடுவோம். தனித்தனியாக வேண்டாம், ஐந்து ஐந்து வீடாகச் சேர்வோம். ரைல்ஸ் வேண்டாம், சீலிங் வேண்டாம், கடன் வேண்டவே வேண்டாம்.

பரந்தனில் இருந்து விசுவமடு, உடையார்கட்டு வரைக்கும் போனாலும் சரி, மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினாலும் சரி, செட்டிகுளத்துக்குள் இறங்கினாலும் சரி, வீதியில் இருந்து பார்த்தால் வீடுகள் முடிந்த மாதிரித்தான் தெரியும். கூரை இருக்கும், முன்சுவரில் வர்ணம் இருக்கும், வீட்டுத்திட்டத்தின் பெயர் எழுதிய பலகையும் இருக்கும். வாசலைத் தாண்டினால் ஹோலில் கிறவல் மண். சுவரில் பூச்சு இல்லை, கல் தெரியும். யன்னலுக்குப் பலகையோ தகரமோ அடித்திருக்கும். ஒரு மூலையில் நெல் மூட்டை, இன்னொரு மூலையில் பிள்ளையின் படிப்பு மேசை. மாரியில் அந்த மேசையின் கால்கள் ஈரத்தில் நிற்கும். வெளியில் கொட்டில் போட்டு அதற்குள் சமைத்து, அதற்குள்ளேயே படுத்து, கல்வீட்டைப் பொருள்கள் வைக்கப் பாவிக்கும் குடும்பங்களையும் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

இது யாருடைய சோம்பலாலும் வந்ததில்லை. மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் கையில் இருந்தது தரப்பாளும் தகரமும், கொட்டில் போட ஐ.நா. அகதிகள் நிறுவனம் கொடுத்த 25,000 ரூபாவும்தான். பிறகு உலக வங்கியின் உதவியோடு நடந்த வடக்கு கிழக்கு வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3,25,000 ரூபா கிடைத்தது. 2012 ஒக்ரோபர் 2 ஆம் திகதி, காந்தி பிறந்த நாளில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 5,50,000 ரூபா, வேலை ஏற ஏறத் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்தத் திட்டத்தின் முதல் 1,000 வீடுகளைக் கொந்தராத்துக்காரர் கட்டினார்கள். அதற்குப் பின்னால் வந்த பல பத்தாயிரம் வீடுகளைக் கட்டியது நாங்கள்தான். மேசனைப் பிடித்தது, மணல் பறித்தது, கல் எண்ணி இறக்கியது, இரவில் சீமெந்துக்குக் காவல் இருந்தது எல்லாம் வீட்டுக்காரர். அதில் பெரும்பங்கு பெண்கள் என்பதை எங்கள் கிராமங்களில் யாரும் மறுக்கமாட்டார்கள். காசு போதவில்லை, அதுவும் எல்லோருக்கும் தெரியும். திட்டம் கேட்ட அளவுக்குச் சுவரும் கூரையும் ஏற்றவே தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. உள்வேலைக்கு என்று ஒதுக்கி வைக்க எதுவும் மிஞ்சவில்லை. பின்னர் வந்த அரசாங்கத் திட்டங்களில் தவணை இடையில் நின்றுபோன வீடுகளின் கதை இன்னும் மோசமானது.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 2016 அளவில் அரசாங்கம் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் தரப்போவதாகச் சொன்னது. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் வீடுகள். ஒன்றின் விலை 21 இலட்சம் ரூபா அளவில் சொல்லப்பட்டது. தளபாடம், தொலைக்காட்சி எல்லாம் உள்ளே வரும் என்றார்கள். வீடில்லாத சனத்துக்கு ஆசை வராமலா இருக்கும்? பலர் விண்ணப்பமும் போட்டார்கள். அதை எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களை நான் இன்றும் மறக்கவில்லை. எங்கள் வெயிலுக்கு இரும்பு ஆகாது, விறகடுப்பு வைக்க வசதியில்லை, பிறகு ஓர் அறை கூட்ட முடியாது, பழுதானால் ஊர் மேசன் கைவைக்க முடியாது, அதே காசில் இரண்டு கல்வீட்டுக்கு மேல் கட்டலாம் என்றார்கள். அந்தத் திட்டம் சொன்ன அளவில் நடக்கவில்லை. கைவைக்கக்கூடிய வீடுதான் வேண்டும் என்று கேட்டு நின்ற சனம் நாங்கள். அப்படி ஒரு வீடு கிடைத்த பிறகு அதில் கைவைக்கப் பயந்து, அரைகுறையாக விட்டுவிட்டு, கொந்தராத்துக்காரர் கேட்கும் தொகைக்குக் காத்திருக்கிறோம். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கடனைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கிழமைக் கடன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் நின்ற காலத்தை எல்லோரும் பார்த்தோம். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது. எங்கள் மாவட்டங்களும் அதற்குள் அடங்கின. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர், சில கடன்களின் வட்டி 220 வீதம் வரை போனதாகச் சொன்னார். அந்தக் கடன்களில் எத்தனையோ வீட்டு வேலைக்காக எடுத்தவை. ஒரு ஹோல் பளபளப்பதற்காக இனி ஒருத்தியும் அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்கக்கூடாது.

ஏன் சுவரை விட்டு, சீலிங்கை விட்டு, நிலத்தை முதலில் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் வாழ்க்கை நிலத்தில்தான் நடக்கிறது. பிள்ளை தவழுவதும், அம்மம்மா பாய் விரிப்பதும், வெங்காயம் அரிவதும், சங்கக் கணக்கு எழுதுவதும் அங்கேதான். மெக்சிக்கோவின் கோவாவிலா மாநிலத்தில் 2000 ஆம் ஆண்டு ஒரு வேலை தொடங்கியது. மண் நிலம் உள்ள ஏழை வீடுகளுக்கு, வீட்டுக்கு 50 சதுர மீற்றர் வரைக்கும் போடத் தேவையான சீமெந்துக் கலவையை அரசாங்கம் வாசலில் கொண்டுவந்து கொட்டும். அதைப் பரப்பி மட்டம் செய்வது வீட்டுக்காரரின் வேலை. சில வருடங்களின் பின் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2009 இல் எழுதினார்கள். வீடு முழுவதும் மண் நிலம் போய்ச் சீமெந்து வந்த இடத்தில் சிறுபிள்ளைகளின் வயிற்றுப்பூச்சித் தொற்று 78 வீதமும், வயிற்றோட்டம் 49 வீதமும், இரத்தச்சோகை 81 வீதமும் குறைந்திருந்தன. தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. மருந்து கொடுக்கவில்லை, சாப்பாடு கொடுக்கவில்லை, நிலம் மட்டும் போட்டார்கள். இதை வாசித்த நாளில் இருந்து கிறவல் நிலத்தில் தவழும் பிள்ளையைக் கண்டால் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் இதோடு தேளும் பூரானும் கறையானும் சேர்ந்துகொள்கின்றன.

இனி வேலையைச் சொல்கிறேன். நான் மேசன் அல்ல. எங்கள் வீட்டு ஹோலின் நிலத்தை அண்ணியும் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து போட்டோம். மட்டம் பார்க்கவும் மேற்பூச்சை மினுக்கவும் மட்டும் மேசன் ஒருவரைக் கூப்பிட்டோம். நாங்கள் செய்ததும், தெரிந்த மேசன்மாரிடம் கேட்டு உறுதிப்படுத்தியதும்தான் இனி வருவது.

காலம் முக்கியம். மாரியில் நிலம் போட்டால் அடிமண் ஈரத்தைக் குடித்துக்கொண்டு நிற்கும். ஆவணியில் போடலாம் என்றால் கிணற்றில் தண்ணீர் இராது, சீமெந்து இறுகத் தேவையான தண்ணீரை வாளி வாளியாகக் கடன் வாங்க வேண்டிவரும். சோளகக் காற்று எழுந்துவிட்டால் புழுதி வந்து ஈரப் பூச்சில் ஒட்டும், மேற்பரப்பு மளமளவென்று காய்ந்து வெடிக்கும். ஆகவே பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையில், வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னர் முடித்துவிடுவது நல்லது. அப்போது கையில் காசும் இருக்கும், கிணற்றில் தண்ணீரும் இருக்கும்.

முதலில் ஹோலின் உள்ளே இருக்கும் மண்ணைப் பாருங்கள். வேர், புல், குப்பை, கறையான் புற்று இருந்தால் அதையெல்லாம் வாரி வெளியே எடுக்க வேண்டும். கறையான் புற்றை மேலால் தட்டிவிட்டு மூடினால் அது யன்னல் நிலையைத் தேடி வரும். பள்ளமான இடத்தைக் கிறவலால் நிரப்புங்கள். ஒரேயடியாகக் கொட்டி நிரப்பக்கூடாது. அரை அடிக்கு ஒரு படையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அதன்மேல் அடுத்த படை. இந்த இடியில் சோம்பல்பட்டால் இரண்டு மாரிக்குள் நிலம் நடுவில் இறங்கி வெடிக்கும். முழு வேலையிலும் உடம்பு நோகும் பகுதி இதுதான். மேசன் தேவைப்படாத பகுதியும் இதுதான், ஆகவே காசு மிச்சப்படும் பகுதியும் இதுதான்.

இந்த இடத்தில் ஒன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். நிரப்ப மண் வேண்டும் என்று வளவின் பின்பக்கத்தையோ பற்றைக் காணியையோ தோண்டப் போகிறீர்கள். எங்கள் மண்ணில் போர் விட்டுவிட்டுப் போனவை முழுதாக இன்னும் எடுத்து முடியவில்லை. முகமாலைப் பக்கத்தில் எத்தனை வருடங்களாகக் கண்ணிவெடி அகற்றினார்கள் என்பதைப் பார்த்திருக்கிறீர்கள். முன்னர் பங்கர் இருந்த இடம், மண் அணை இருந்த இடம், யாரும் பயிர் செய்யாத துண்டு ஆகியவற்றில் தோண்ட வேண்டாம். மண்வெட்டியில் இரும்புச் சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். துருப்பிடித்த பொருள் எதுவாக இருந்தாலும் தூக்கிப் பார்க்காமல், பிள்ளைகளைத் தூரப்படுத்தி, அடையாளத்துக்கு ஒரு தடியை எட்டத்தில் நட்டுவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். கிறவல் பெட்டியில் வந்த மண்ணையும் பரப்பும்போது கண் வைத்துப் பரப்புங்கள்.

இடித்து மட்டப்படுத்திய மண்ணின்மேல் கறுப்புப் பொலித்தீன் விரிக்க வேண்டும். இதைப் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். மேலே எவ்வளவு நல்ல சீமெந்து போட்டாலும் கீழே தடுப்பில்லாவிட்டால் மார்கழியில் நிலம் வியர்க்கும், பாய் பூஞ்சணம் பிடிக்கும். தடிப்பான பொலித்தீனாக வாங்கி, துண்டுகள் சேரும் இடத்தில் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, சுவர் ஓரத்தில் சற்று மேலே மடித்து விடுங்கள். மொத்தச் செலவில் இது மிகச் சிறிய துண்டு.

அளவுக் கணக்குக்கு வருவோம். 10 அடிக்கு 10 அடி இடத்துக்கு 3 அங்குலத் தடிப்பில் அடித்தளம் போட, ஒரு வாளி சீமெந்துக்கு மூன்று வாளி மணல், ஆறு வாளி சல்லி என்று கலந்தால் 50 கிலோ சீமெந்துப் பை மூன்று அளவில் போகும். அதற்குமேல் முக்கால் அங்குல மேற்பூச்சு, ஒன்றுக்கு மூன்று மணல் என்று போட்டால் இன்னும் ஒன்றரைப் பைக்குச் சற்று மேல் வேண்டும். ஆகமொத்தம் ஐந்து பை. மணல் 18 கன அடி, சல்லி 23 கன அடி அளவு. ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஐந்து வீடு சேர்ந்தால் ஒரு கியூப் மணலும், ஒரு கியூப்புக்குச் சற்று மேற்பட்ட சல்லியும், 25 பை சீமெந்தும். அதனால்தான் ஐந்து என்று சொன்னேன். தனி வீட்டுக்குக் கால் கியூப் மணல் கொண்டுவந்து தரச் சொன்னால் உழவு மெசின்காரர் வரமாட்டார், வந்தாலும் முழுக் கூலி கேட்பார். ஐந்து வீட்டுக்கு ஒரு பெட்டி என்றால் கூலி ஐந்தாகப் பிரியும். 25 பை சேர்த்து எடுக்கும்போது ஹாட்வெயார்க் கடையில் விலையும் பேசலாம். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் நின்ற சீமெந்துப் பை 2022 நெருக்கடியில் மூவாயிரத்தைத் தொட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள், ஒரு பையின் அருமை தெரியும்.

மணலைப் பற்றி இரண்டு வார்த்தை. முல்லைத்தீவுக் கரையோரத்து அக்காமார் கடல் மணலை அள்ளிக் கலக்க வேண்டாம். உப்பு நிலத்திலும் சுவரிலும் வெள்ளையாகப் பூத்து வரும், கம்பி இருக்கும் இடத்தில் துருப்பிடிக்க வைக்கும். ஆற்று மணலையும் அனுமதிப்பத்திரம் உள்ளவரிடமே வாங்குங்கள். இரவில் களவாக அள்ளி வரும் மணல் மலிவுதான், ஆனால் எங்கள் ஆறுகளின் கரைகள் எப்படி இடிந்து கிடக்கின்றன என்று போய்ப் பாருங்கள். எங்கள் ஹோலுக்காக எங்கள் பிள்ளைகளின் கிணற்று நீரைக் கீழே இறக்கக்கூடாது.

மட்டம் பார்க்கத் தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் ஒன்று போதும். அதில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் எதிரெதிர்ச் சுவர்களில் பிடித்தால் தண்ணீர் நிற்கும் இடம் ஒரே மட்டம். நாலு சுவரிலும் கரியால் அடையாளம் போட்டு, அங்கிருந்து கீழே அளந்து வாருங்கள். கழுவினால் தண்ணீர் வெளியே ஓட, வாசல் பக்கம் அரை அங்குலம் தணிவாக இருக்கட்டும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே வந்த வீடுகளில் சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்து, நிலை உயரம் இடம் கொடுத்தால் நிலத்தை அரை அடி தூக்கிப் போடுங்கள். 2025 நவம்பர்ப் புயலில் நனைந்த சுவர்களும் இருக்கின்றன. அவை நன்றாகக் காயும் வரை பூச்சு வேலையைத் தொட வேண்டாம்.

கலக்கும்போது எல்லோரும் செய்யும் பிழை தண்ணீரைக் கூட்டுவது. கஞ்சி போல ஓடினால் பரப்பச் சுகம், ஆனால் காய்ந்தபின் நிலம் பொருக்கு விட்டு உதிரும். கையில் அள்ளிப் பிடித்தால் பிடித்தபடி நிற்க வேண்டும், விரலிடுக்கால் வழியக்கூடாது. ஹோல் முழுவதையும் ஒரே பரப்பாகப் போடாமல், நடுவில் மரச் சட்டம் வைத்து நாலு கட்டமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் போடுங்கள். வெடிப்பு வந்தாலும் அந்தக் கோட்டோடு நிற்கும். மேற்பூச்சை அடித்தளம் முழுதாக இறுகுமுன், அன்று பின்னேரமோ மறுநாள் காலையோ போட்டால்தான் இரண்டும் ஒட்டும். மினுக்குவதற்கு மேசனின் கை வேண்டும். அந்த ஒரு நாள் சம்பளத்தைத் தாராளமாகக் கொடுங்கள். சீமெந்து தோலை எரிக்கும் என்பதால் வெறுங்காலோடு கலவைக்குள் நிற்காதீர்கள். கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையையாவது கட்டுங்கள்.

பிறகு ஏழு நாள் நிலம் ஈரமாக இருக்க வேண்டும். நனைத்த சாக்கை விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள். இதற்குப் பொறுமை மட்டும்தான் செலவு. இந்த ஏழு நாளைக் காப்பாற்றாமல் நல்ல சீமெந்தை வீணாக்கிய வீடுகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கும்.

நிறம் வேண்டும் என்பவர்களுக்குச் சிவப்பு இருக்கிறது. எங்கள் பழைய வீடுகளின் திண்ணையிலும் விறாந்தையிலும் இருந்த அதே சிவப்புச் சீமெந்து. மேற்பூச்சுச் சீமெந்தோடு சிவப்புத் தூளை உலரவே கலந்து அரித்தெடுங்கள். ஒரு பை சீமெந்துக்கு ஐந்து கிலோவைத் தாண்டினால் பூச்சின் பலம் குறையும். ரைல்ஸ் இல்லாத நிலம் வறுமையைக் காட்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொழும்பில் பெரிய மனிதர்களின் வீடுகளை வரைந்த ஜெஃப்ரி பாவா (1919–2003) மினுக்கிய சீமெந்து நிலத்தை விரும்பிப் போட்டவர். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கட்டடப் பொருள் இறக்குமதி முடங்கியபோது, உள்ளூரில் கிடைத்ததைக் கொண்டே அழகான வீடு கட்டலாம் என்று காட்டிய தலைமுறை அது. இன்று உலகம் முழுவதும் இருந்து வந்து அந்த நிலங்களைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நிலம் முடிந்தால் மீதி மெதுவாக நடக்கட்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். உள்சுவரில் ஈரம் ஏறினால் உள்ளே வர்ணம் அடிப்பதில் பயனில்லை, வெளியே போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவர் அடியில் விழுந்து குழி பறித்திருக்கும். கூரை ஓரத்துக்குப் பீலி போட வசதியில்லாவிட்டாலும், சுவரைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்கு மண்ணை உயர்த்தி, வெளிப்பக்கம் சாய்த்து, இறுக்கி விடுங்கள். மழை அடிக்கும் பக்கத்து வெளிச்சுவருக்கு முதலில் பூச்சு. உள்ளே சுண்ணாம்பு போதும். சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும், இருட்டான ஹோலில் வெளிச்சத்தைக் கூட்டும். தகரம் அடித்த யன்னல்களைத் திறந்து நுளம்பு வலை அடியுங்கள். பழைய வீடு உடைக்கும் இடங்களில் முதிரை, பாலை மரத்து நிலைகளும் கதவுகளும் கிடைக்கும். இடைவெளியை அளந்து கொண்டு போய்த்தான் வாங்க வேண்டும்.

கை வைக்கக்கூடாதவையும் உண்டு. மின்சார வேலையை அனுமதி பெற்ற மின் தொழிலாளரிடம் விடுங்கள், றிப் சுவிச் இல்லாமல் இணைப்பு எடுக்காதீர்கள். யன்னலுக்கு மேலே போகும் லிண்டலையும் தூணையும் உடைக்க வேண்டாம். அஸ்பெஸ்ரஸ் சீற்றை வாளால் அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போய்ப் பல வருடங்களின் பின் புற்றுநோயாக வரக்கூடியது. உடைந்த சீற்றைத் தூளாக்கி நிலத்தை நிரப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு சொல். கிளிநொச்சி, வவுனியா நகரப் பக்கங்களில் தட்டுப் போட்டு, மேலே மாடிக்கென்று கம்பி நீட்டி விட்ட வீடுகள் பெருகி வருகின்றன. கீழ் ஹோல் இன்னும் மண்ணாக இருக்கும், மேலே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு மாடி வேண்டும் என்பது உங்கள் ஆசை, அதை நான் குறை சொல்லவில்லை. கீழே வருடம் முழுவதும் இருப்பது நீங்கள். அடுத்த முறை காசு அனுப்பட்டுமா என்று பிள்ளை கேட்டால், கீழ் நிலத்துக்கு ஐந்து பை சீமெந்து என்று சொல்லுங்கள்.

எங்கள் கிராமங்களில் சக்கர நாற்காலியிலும் செயற்கைக் காலிலும் வாழும் பிள்ளைகள், சகோதரர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சங்கத்துக்குத் தெரியும். அவர்களுக்குக் கிறவல் நிலமும் உயர்ந்த வாசற்படியும் ஒவ்வொரு நாளும் ஒரு தடை. அந்த வீடுகளில் நிலம் போடும்போதே வாசலில் சாய்வுப் பாதையும் போட வேண்டும். படி ஓர் அங்குலம் உயரம் என்றால் பாதை ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. அந்த நீளத்தைச் சுருக்கினால் ஒருவர் துணையின்றி ஏற முடியாது. மேற்பரப்பை மினுக்காமல் சொரசொரப்பாக விடுங்கள், மழையில் வழுக்காது.

ஆகவே மாசி மாதக் கூட்டத்தில் இந்த விடயத்தை எடுங்கள். ஐந்து வீட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். குழுவுக்குள் முதல் வீடு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டாம். சக்கர நாற்காலி இருக்கும் வீடு முதலில், தவழும் பிள்ளை இருக்கும் வீடு அடுத்தது, தனியாக இருக்கும் முதியவரின் வீடு அதற்கடுத்தது. வேலை செய்ய முடியாதவரின் வீட்டுக்கு மற்ற நாலு வீடும் உடம்பு வேலை கொடுக்கட்டும். நாற்று நடவில் இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று செய்து பழகியவர்கள்தானே நாங்கள். திமிசுக்கட்டை, மட்டப்பலகை, தெளிந்த குழாய், நாலு வாளி, இரண்டு மண்வெட்டி ஆகியவற்றைச் சங்கக் காசில் ஒருமுறை வாங்கி, சனசமூக நிலையத்தில் வைத்து, யார் எடுத்தார் என்று கொப்பியில் எழுதுங்கள். வீட்டுத்திட்ட காலத்தில் மேசன் வேலை பழகிய பெண்கள் உங்கள் கிராமத்தில் இருந்தால், அந்த ஒரு நாள் சம்பளம் அவர்களுக்குப் போகட்டும். பொலித்தீனை இப்போதே வாங்கி வைக்கலாம். மணலும் சல்லியும் வெட்டு முடிந்து உழவு மெசின் ஓய்ந்த கிழமையில் பறிக்கலாம். சீமெந்தை மட்டும் கடைசியில், போடும் நாளுக்கு முந்தின நாள் எடுங்கள், முன்கூட்டி வாங்கினால் ஈரம் பட்டுக் கட்டியாகிவிடும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி
கிளிநொச்சி